பந்தோட எடுத்த படம்

என்ர மச்சான் தன்ர ஐம்பதாவது பிறந்தநாளை டெனிஷ்காரர் மாதிரிக் கொண்டாடவேணுமெண்டு, டென்மார்க்கில ரண்டர்ஸ் நகரத்தில பந்துருட்டிக் கட்டை விழுத்துற பௌலிங் மண்டபத்தில ஒரு மணித்தியாலம் வாடகைக்கு எடுத்தார். மூண்டு மணிக்கு வரச்சொன்னால் எங்கட சனம் மூண்டரைக்குப் பட்டுச்சேலையோட வந்து இறங்குது. அங்க விளையாடுறதுக்கெண்டு குடுத்த, ஊரெல்லாம் போட்ட சப்பாத்தை மணந்து பாத்து முகத்தைச் சுழிச்சினம். பிறகு கேக் வெட்டி, ஆளாளுக்கு வாயில தீத்தி, குடும்பம் குடும்பமாப் பந்தைத் தூக்கிப் படம் எடுத்தம். ஒரு பியர் குடிக்கக்கூட நேரமில்லை. விளையாடுவமெண்டு திரும்பினால், எங்கட நேரம் முடிஞ்சுதெண்டு லைட்டை நிப்பாட்டிப்போட்டாங்கள்.

அண்டைக்கே மச்சான் படங்களை முகநூலில போட்டார்: "செம விளையாட்டு!"

நல்லா உத்துப் பாருங்கோ. எல்லாப் படத்திலயும் எங்களுக்குப் பின்னால கட்டையள் ஒண்டுகூட விழாமல் நிக்குது.