டிப்போ மோப்பக்காரரின் கல்லீரல்

“குடிச்சவனைக் கண்டுபிடிக்க எனக்கு மெஷின் எதுக்குய்யா? கண்ணை ஒரு தடவை பார்த்தாப் போதும். முப்பது வருஷத்துல ஒருத்தன் விஷயத்துலகூட என் கணக்கு தப்பினதில்லை!”

தனியார் பேருந்து டிப்போவில், காலை வண்டி எடுக்க வரும் ஓட்டுநர்களைச் சோதித்து அனுப்பும் செக்கர் செய்த பிரகடனம் இது. முகத்துக்கு நேரே அவர் ‘ஐயா’; முதுகுக்குப் பின்னால் ‘மோப்பம்’. ஊதிப் பார்க்கும் கருவி அவருடைய மேசை இழுப்பறையில் உறைகூடப் பிரிக்கப்படாமல் கிடந்தது. அதை வெளியே எடுப்பது தம் கண்களுக்கு மானக்கேடு என்று அவர் கருதினார்.

அறுபத்து நாலாவது வயதில் அந்தக் கண்களே மஞ்சளாயின.

படியேறினால் மூச்சிரைத்தது. வாயில் வைத்த சோறு இறங்கவில்லை. மனைவி முதலில் அவர் சட்டையை எடுத்து மோந்து பார்த்தாள். வீடு அதிர்ந்தது. டிப்போவில் ஓர் ஓட்டுநர், “ஐயா, நேத்து எந்தக் கடை?” என்று பணிவோடு விசாரித்தான். டிப்போவும் அதிர்ந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, “குடிப்பீங்களா?” என்றார்.

“தொட்டதே இல்லை!”

“கொஞ்சமா? எப்பவாவது?”

செக்கர் மேசையை ஓங்கி அறைந்தார். அந்த மேசை ஒரு பாவமும் அறியாது.

பல சோதனைகளும், கல்லீரலில் ஊசி போட்டுத் துணுக்கெடுத்த வைபவமும் முடிந்த பிறகு டாக்டரம்மா சொன்னார்: “நீங்க சொன்னது நிஜம்தான். உங்க உடம்பைக் காவல் காக்க வேண்டிய அணுக்களே கல்லீரலை எதிரின்னு நினைச்சு அடிக்குது.”

“விசாரிக்காமலேயா?”

“விசாரிக்காமலேதான். வயசானவங்களுக்கு இது சத்தமில்லாம வரும். மாத்திரையில கட்டுப்படுத்தலாம். ஒருவகை மரபணு இருக்கிறவங்களுக்கு வர்ற வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்தி. உங்களுக்கு அது இருக்கு. இருந்தா வந்தே தீரும்னு இல்லை. கூடப்பிறந்தவங்க யாருக்காவது கண் மஞ்சள், காரணமில்லாத அசதி உண்டா?”

செக்கர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“என் கொழுந்தன் இருக்கார் டாக்டர்,” என்றாள் கூட வந்திருந்த மனைவி.

“உடனே கூட்டிட்டு வாங்க. அதுவா இருந்து கவனிக்காம விட்டா கல்லீரல் சுருங்கிடும்.”

நடைவழியில் செக்கர் உறுமினார்: “ஒரு வார்த்தை பேசாதே!”

“ரெண்டு வருஷமா பேசாமத்தானே இருந்தேன்! மஞ்சக் கண்ணோட படியில தடுக்கி விழுந்தார்னு உங்க டிப்போவுலயே வண்டி ஓட்டின சொந்தத் தம்பியைக் குடிகாரன்னு எழுதி வேலையை விட்டுத் துரத்தினீங்க. ‘அண்ணே, ஊதிக் காட்டுறேன்’னு கெஞ்சினாரே, அந்த மெஷினை எடுத்தா உங்க கை தேஞ்சா போயிருக்கும்?”

டாக்டர் மேல், மனைவி மேல், எதிரே வந்த சக்கர நாற்காலி மேல் என்று வரிசையாகக் கோபப்பட்டுக்கொண்டே அவர் தம்பியைத் தேடிப் போனார். தம்பி இப்போது ஒரு வாகன நிறுத்தத்தின் தகரக் கூண்டில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயது அறுபது, கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“ரத்தம் குடுக்கணும். கிளம்பு,” என்றார் அண்ணன், ஏதோ தம்பிதான் குற்றவாளி என்பதுபோல.

“எதுக்கு? கண்ணை மோப்பம் பிடிச்சது போதாதா, இனி ரத்தத்தையும் மோந்து பார்க்கணுமா?” என்று சீறிய தம்பி, நிமிர்ந்து பார்த்ததும் நின்றார். “என்னண்ணே, உன் கண்ணு இப்படி இருக்கு?”

“குடிச்சிருக்கேன்னு சொல்லேன்டா! ஊரே சொல்லுது, நீயும் சொல்லு!”

தம்பி சொல்லவில்லை. கூண்டைப் பூட்டினார்.

ரத்தம் எடுக்கும் அறையில், படிவத்தோடு உட்கார்ந்திருந்த பெண் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி அண்ணனிடம் கேட்டாள்: “இவர் குடிப்பாரா சார்?”

செக்கர் தம்பியின் கண்களை ரொம்ப நேரம் பார்த்தார்.

“பார்த்தெல்லாம் சொல்ல முடியாதும்மா,” என்றார். “அவனையே கேளுங்க.”