குண்டு இறங்கிடுச்சா, அத்தான்?

எங்க அக்கா புருஷனுக்கு ஆஸ்பத்திரியில பேர் ‘சுண்ணாம்பு’. டாக்டருங்க முகத்துக்கு நேரா மட்டும் ‘டெக்னீஷியன் சார்’னு கூப்பிடுவாங்க. அவர் அந்தப் பக்கம் திரும்பினா அவங்களுக்கும் சுண்ணாம்புதான். எனக்கு அவர் அத்தான். மச்சினிங்கிற உரிமையில அவரை நான் கிண்டல் பண்ணாத நாள் கிடையாது. ஆனா அவரைப் பத்தி வேற யாராவது ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் இருக்கு கதை.

ஆபரேஷன் தியேட்டர்ல மயக்கம் குடுக்கிறது டாக்டரம்மா. அந்த மயக்கத்தை நோயாளிகிட்ட கொண்டுபோற எந்திரத்தைத் தயார் பண்றது அத்தான். முப்பத்தோரு வருஷமா அதே வேலை. இதுல வேடிக்கை என்னன்னா, மனுஷன் பள்ளிக்கூடத்துல வேதியியல்ல ரெண்டு தடவை ஃபெயிலு. ஸ்ட்ரெச்சர் தள்ளுறவரா உள்ள நுழைஞ்சவரு. தள்ளிக்கிட்டுப் போன இடத்துல அந்த எந்திரத்தைப் பாத்துட்டு, இது எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டுக் கேட்டே எல்லாரையும் நச்சரிச்சுப் படிச்சு, பரிட்சை எழுதி, டெக்னீஷியன் ஆயிட்டாரு. இப்போ சின்ன டாக்டருங்களே சந்தேகம்னா அவர்கிட்டதான் வந்து நிப்பாங்க.

அவருக்கு ஒரு பழக்கம். எந்திரத்தை மூடும்போது ஒவ்வொண்ணையும் கையால தொட்டு, வாயால சொல்வாரு. “குண்டு இறங்கிடுச்சு. குழாய் கழட்டியாச்சு. டப்பா இறுக்கம். சுவிட்ச் அணைஞ்சுது.” வீட்டுல கேஸ் அடுப்புக்கும் இதே மந்திரம்தான். எங்க அக்கா தலையில அடிச்சுக்குவா. “உங்க அத்தான் தூங்கப் போறதுக்குள்ள எனக்கு விடிஞ்சுடும்டி”ம்பா.

நான் ஸ்கூல் வேன் ஓட்டுறேன். இருபத்திரண்டு பிள்ளைங்க, அதுல பாதி குரங்குங்க. எதுக்கும் அசராதவ நான். பித்தப்பையில கல்லு, எடுத்துடணும்னு சொன்னப்பகூட அசரல. மயக்கம் குடுப்போம்னு சொன்னாங்க பாருங்க, ஈரக்குலை நடுங்கிடுச்சு. என் வண்டி ஸ்டியரிங்கையே நான் இன்னொருத்தர் கையில குடுத்தது இல்ல. மூச்சையா குடுப்பேன்?

இதைச் சொன்னதும் அத்தானுக்குச் சிரிப்பு. “பாத்தாப் பயம் போயிடும், வா”ன்னு சனிக்கிழமை மத்தியானம், ஆபரேஷன் கேஸ் எல்லாம் முடிஞ்சு தியேட்டர் காலியானதும், எனக்கு மேலங்கி, தொப்பி எல்லாம் மாட்டிவிட்டு உள்ள கூட்டிட்டுப் போனாரு. நான் கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்துக்காக வந்திருந்தேன். அக்கா வெளி வாசல்ல காத்துக்கிட்டு இருந்தா. எந்திரத்தை மூடி வெச்சிருந்தாரு. எனக்காக மறுபடி குழாயைச் சுவத்துல மாட்டித் திறந்தாரு.

அடேயப்பா, அந்த மனுஷன் முகத்துல வந்த வெளிச்சத்தைப் பாக்கணுமே! புது வண்டி வாங்கினவன்கூட அப்படிக் காட்ட மாட்டான்.

“இது மயக்க மருந்து. திரவம். ஆவியாகும்போது தானே குளிர்ந்துடும், கையில ஸ்பிரிட் தடவினா ஜில்லுங்குதே, அதே கதை. குளிர்ந்தா ஆவி குறையும். ஆவி குறைஞ்சா நீ ஆபரேஷன் நடுவுல முழிச்சுக்குவே.”

“ஐயையோ!”

“பொறு. இந்தப் பெட்டிக்குள்ள ஒரு உலோகத் துண்டு இருக்கு. குளிர்ந்தாச் சுருங்கி, வழியைக் கொஞ்சம் அகலமாத் திறந்துவிடும். யாரும் சொல்ல வேண்டாம், தானே கணக்குப் பண்ணிக்கும். எப்படி?”

அப்புறம் அந்த டப்பாவைத் தட்டினாரு. கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், உள்ள வெள்ளை உருண்டைங்க. “நீ விடுற மூச்சு இதுக்குள்ள வரும். சுண்ணாம்பு கரியமில வாயுவைத் தின்னுட்டு, மிச்ச மருந்தையும் ஆக்சிஜனையும் உனக்கே திருப்பி அனுப்பும். தின்னா டப்பா சூடாகும். தின்னு முடிச்சா உருண்டை கத்தரிப்பூ நிறமாயிடும், மாத்திடுவேன். இன்னைக்குக் காலையிலதான் ரெண்டு தியேட்டருக்கும் புதுசு நிரப்பினேன். திங்கட்கிழமை முதல் கேஸ் நீதானே, உனக்காகத்தான்னு வெச்சுக்கோ.”

என் கண்ணு அதுல இல்ல. பக்கத்துல செங்குத்தா ஒரு கண்ணாடிக் குழாய், அடியில ஒரு சின்னக் குண்டு. அத்தான் குமிழைத் திருப்பினாரு, குண்டு எழும்பி அந்தரத்துல நின்னு நடுங்குச்சு. நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் ஆக்சிஜன் போகுதுன்னு அது நிக்கிற உயரம் சொல்லுமாம்.

“நான் திருப்பட்டுமா?”

அத்தான் ஒரு தடவை கதவைப் பாத்தாரு. “மெதுவா.”

மெதுவாவது ஒண்ணாவது! திருப்பினேன், குண்டு சர்ருன்னு எட்டுல போய் நின்னுச்சு. சின்னப் பிள்ளை மாதிரி குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சேன். அப்போதான் அவர் போன் அடிச்சுது. அக்கா. “ரெண்டு பேரும் எங்க போய்த் தொலைஞ்சீங்க? இங்க கால் கடுக்க நிக்கிறேன்!” அவ கத்தினது எனக்கே கேட்டுச்சு. அக்கா கோபத்துக்கு அத்தானும் பயம், நானும் பயம். “சுவிட்ச் அணைஞ்சுது”ன்னு மட்டும் சொல்லிக்கிட்டே விளக்கை அணைச்சுட்டு ஓடி வந்தாரு. நான் அவருக்கு முன்னாடியே ஓடிட்டேன். பயம் சுத்தமாப் போயிடுச்சு, பிரமாதமான எந்திரம்னு வீடு போற வரைக்கும் பேசிக்கிட்டே போனேன்.

திங்கட்கிழமை. பச்சைத் தண்ணி பல்லுல படல. முதுகுப் பக்கம் நாடா கட்டுற அந்தக் கேவலமான கவுனை மாட்டி, ஏழரைக்கு என்னை டிராலியில தள்ளிக்கிட்டு வந்து தியேட்டர் வாசல்ல நிறுத்தினாங்க. கதவு பாதி திறந்திருந்துச்சு. உள்ள சத்தம்.

“வெள்ளையாத்தானேய்யா இருக்கு! சனிக்கிழமை நீங்களே நிரப்பினது. ஒரு வாரம் தாங்கும். இதுக்காக ஆபரேஷன் லிஸ்டை நிறுத்துறதா?” இது சர்ஜன்.

“வெளுத்ததெல்லாம் பால் இல்ல டாக்டர்.” இது அத்தான். குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. “காலையில வந்து பாக்குறேன், குழாய் சுவத்துலயே மாட்டியிருக்கு, குண்டு எட்டுல நிக்குது. சுவிட்ச் கரண்டுக்குத்தான், காத்தை நிறுத்தாது. ஒன்றரை நாளுக்கு மேல, நாப்பத்தோரு மணி நேரம், ஆக்சிஜன் ஓடியிருக்கு. அதுல ஈரம் சுத்தமாக் கிடையாது. சுண்ணாம்புல இருந்த தண்ணியை எல்லாம் உறிஞ்சிக்கிட்டுப் போயிருக்கும். கரியமில வாயுவைத் தின்னாத்தான் நிறம் மாறும். காய்ஞ்சதுக்கு நிறம் மாறாது.”

“ஸ்டோர் சாவி ஒன்பதரைக்குத்தான் வரும்.”

“வரட்டும். நான் ஒண்ணு காட்டுறேன்.”

கதவைத் தள்ளிக்கிட்டு வெளியே வந்தாரு. ரெண்டு கையிலயும் ரெண்டு டப்பா. ஒண்ணு எங்க தியேட்டரோடது, இன்னொண்ணு அவசரக் கேஸுக்குன்னு வெச்சிருக்கிற ரெண்டாவது தியேட்டரோடது. ரெண்டும் ஒரே அச்சு, ஒரே நாள், ஒரே கோடு வரைக்கும் நிரப்பினது. என்னைப் பாத்தாரு, ஆனா பாக்காத மாதிரி எதிர்ல இருக்கிற பிரசவ வார்டுக்கு ஓடினாரு. பின்னாடி சர்ஜன், அவர் பின்னாடி மயக்க டாக்டரம்மா. என்னைத் தள்ளிக்கிட்டு வந்த வார்டு பாயும் வேடிக்கை பாக்க டிராலியோட அந்த வாசலுக்கே போயிட்டான். நான் மட்டும் சும்மாவா இருப்பேன், கழுத்தை நீட்டிப் பாத்தேன்.

பிறந்த குழந்தையை எடை போடுற தராசு. அதுல டப்பாவைப் படுக்க வெச்சாரு. அங்க இருந்த நர்ஸம்மா, “ஆணா பொண்ணா சார்?”னாங்க. யாரும் சிரிக்கல.

ரெண்டாவது தியேட்டர் டப்பா: ஒரு கிலோ முந்நூத்தி இருபது கிராம். எங்க டப்பா: ஒரு கிலோ நூத்தித் தொண்ணூறு.

“நூத்தி முப்பது கிராம் தண்ணி காணோம் டாக்டர்”னாரு அத்தான். “இந்தக் காய்ஞ்ச சுண்ணாம்பு மேல மயக்க ஆவி போனா மருந்து உடையும். உடைஞ்சு கார்பன் மோனாக்சைடு வரும். மூடின ரூம்ல கரி அடுப்பை வெச்சா ஆளைக் கொல்லுமே, அதே வாயு. வாசனை கிடையாது. ரத்தத்துல ஆக்சிஜன் உக்கார வேண்டிய இடத்துல ஏறி உக்காந்துக்கிட்டு இறங்காது. ரத்தம் சிவப்பாவே இருக்கும். விரல்ல மாட்டுற கிளிப் அதையும் ஆக்சிஜன்னு நம்பித் தொண்ணூத்தெட்டுன்னு காட்டும். நாம நல்லா இருக்குன்னு நினைச்சுக்கிட்டே இருப்போம்.”

டாக்டரம்மா டப்பாவைக் கையில வாங்கிக்கிட்டாங்க. “கேஸ் நிக்குது. புதுசு வந்தப்புறம் பாக்கலாம்.” சர்ஜன் தராசையே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் திரும்பினாரு. “சரி, குழாயைத் திறந்துவிட்டுப் போனது யாரு?”

“நான்தான்”னாரு அத்தான்.

எனக்கு அந்த நிமிஷம்தான் உறைச்சுது. என் வலது கையைப் பாத்தேன். இந்தக் கைதான். இந்தக் கை திருப்பின குண்டு, சனி ராத்திரி, ஞாயித்துக்கிழமை முழுக்க எட்டுலயே நின்னுக்கிட்டு இருந்திருக்கு. திங்கட்கிழமை அந்தக் காத்தை மூச்சா இழுக்க நானே வந்து படுத்திருக்கேன். சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிறதுன்னா இதுதானே!

சர்ஜன், “முப்பத்தோரு வருஷ சர்வீஸ், நீங்களா இப்படி?”ன்னு ஆரம்பிச்சாரு. எனக்குப் பொறுக்கல. டிராலியில எழுந்து உக்காந்தேன், பின்னாடி நாடா அவுந்தா அவுந்துட்டுப் போகட்டும்.

“டாக்டர்! அவர் இல்ல, நான்! சனிக்கிழமை உள்ள வந்து குமிழைத் திருப்பினது நான். ஆசையாத் திருப்பிட்டு, இறக்காம ஓடிட்டேன்.”

அத்தான் முகம் சுருங்கிப் போச்சு. நான் காட்டிக்குடுத்துட்டேனோன்னு எனக்கு அழுகையே வந்துடுச்சு.

“அவ திருப்பினது தப்பு இல்ல டாக்டர். அவளுக்கு என்ன தெரியும்? வெளியாளை உள்ள விட்டது நான். தொட விட்டது நான். மூடினேனான்னு திரும்பிப் பாக்காம விளக்கை அணைச்சதும் நான். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் போறதில்ல. ரெஜிஸ்டர்ல எழுதிடுறேன்”னாரு அத்தான்.

எழுதினாரு. என் பேரையும் சேத்துத்தான், நடந்தது நடந்தபடி. அதுக்கு ஒரு எச்சரிக்கை மெமோ வந்துச்சு, முப்பத்தோரு வருஷத்துல முதல் மெமோ. அதை மடிச்சு எந்திரத்துப் பக்கத்து அலமாரியிலயே வெச்சிருக்காரு.

ஒன்பதரைக்கு ஸ்டோர் திறந்துச்சு. பத்து மணிக்கு என்னை உள்ள கொண்டுபோனாங்க. அத்தான் என் கண்ணெதிர்லயே புதுச் சுண்ணாம்பைக் கொட்டி நிரப்பினாரு, தூசி பறந்துச்சு. டாக்டரம்மா முகமூடியை என் மூக்குகிட்ட கொண்டுவந்தப்போ கேட்டேன், “அத்தான், குண்டு எங்க நிக்குது?” “நிக்க வேண்டிய இடத்துல நிக்குது, நீ வாயை மூடிட்டு மூச்சை இழு”ன்னாரு. இழுத்தேன். பயமே இல்ல. அப்படி ஒரு நம்பிக்கை என் வாழ்க்கையில யார் மேலயும் வந்ததில்ல, சத்தியமாச் சொல்றேன்.

இது நடந்து ஒன்பது மாசம் ஆச்சு. எடுத்த கல்லுங்களை ஒரு சீசாவுல போட்டுக் குடுத்தாங்க, வேன்ல வெச்சிருக்கேன், சேட்டை பண்ற பிள்ளைங்களுக்குக் காட்டுறதுக்கு. அன்னையிலிருந்து சனிக்கிழமையானா, வண்டியைக் கழுவி நிறுத்தின கையோட அவருக்கு ஒரு போன் போடுவேன். “குண்டு இறங்கிடுச்சா, அத்தான்?” “இறங்கிடுச்சும்மா, போனை வை.” அவ்வளவுதான் பேச்சு. அக்கா சிரிப்பா. “உங்க ரெண்டு பேருக்கும் வேற வேலை இல்ல”ம்பா.

போன சனிக்கிழமையும் கேட்டேன்.

“அதெல்லாம் ஆச்சு. கேஸ் முடியவே மூணு மணி. நான் பஸ் ஸ்டாப்புக்கே வந்துட்டேன்”னாரு.

“வாயால சொன்னீங்களா?”

பஸ் ஒண்ணு வந்து நிக்கிற சத்தம், கிளம்பிப் போற சத்தம்.

“சொன்ன ஞாபகம் இல்லையேம்மா.”

போனை அணைக்காமலே நடந்தாரு. செருப்புச் சத்தம், படிக்கட்டு, சாவிக் கொத்து, கதவு எல்லாம் ஒவ்வொண்ணாக் கேட்டுச்சு. நான் வேன் படியில உக்காந்து, ஈரக் கையோட போனைக் காதுல அழுத்திக்கிட்டு இருந்தேன். அப்புறம் மெல்லிசா ‘ஸ்ஸ்ஸ்’னு ஒரு சத்தம். காத்து ஓடுற சத்தம். ஒரு நொடி கழிச்சு அது நின்னுச்சு.

“குண்டு இறங்கிடுச்சு. குழாய் கழட்டியாச்சு”ன்னு அத்தான் வாயால சொன்னாரு.

“திங்கட்கிழமை முதல் கேஸ் ஏழு வயசுப் பொண்ணும்மா.”