அவர் வந்தாத்தான் தொறப்பாரு

குணசுந்தரி பொய்யே சொல்லாதவர் என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயரானவர். பிழைக்க மாட்டார் என்று தெரிந்த நோயாளியிடமும், "ஒண்ணும் இல்ல, ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்" என்று சிரித்த முகத்தோடு சொன்னவர்தான். ஆனால் போன ஐப்பசியில் நடந்த இந்தச் சம்பவத்தை, யார் எப்படிக் குடைந்து கேட்டாலும், அவர் இதுவரை ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னதில்லை. கூட இருந்த இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேட்டாலும் அதையேதான் சொல்கிறார்கள். ராத்திரியில் நடந்திருந்தால் இருட்டில் எதையோ பார்த்துப் பயந்துவிட்டார்கள் என்று தள்ளிவிடலாம். இது காலை எட்டு மணிக்கு மேல் நடந்தது.

ஆரணியில் ரிட்டயரான ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் நடக்கப் போவார்கள். ஊருக்குள் நடப்பதில்லை. விடியற்காலை பஸ் பிடித்து ஒரு வாரம் போளூர் ரோடு, ஒரு வாரம் வந்தவாசி ரோடு என்று எங்கேயாவது இறங்கிக்கொள்வார்கள். ஏரிக்கரை, வரப்பு, வாய்க்கால் ஓரம் என்று இரண்டு மணி நேரம் நடப்பார்கள். கண்ணில் படுகிற கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்புவார்கள். மூட்டுவலிக்காக ஆரம்பித்தது. போகப் போக, வாரம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைக்காகவே காத்திருக்கும்படி ஆகிவிட்டது. குணசுந்தரிக்கு ரொம்பவே அப்படி. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் ஓசூரில். வீட்டில் டிவி பேசினால்தான் பேச்சு.

அந்த ஞாயிற்றுக்கிழமை வானம் மூடியிருந்தது. மழை வரும் என்று மற்றவர்கள் படுத்துவிட்டார்கள். மூன்று பேர்தான் வந்தார்கள். குணசுந்தரி. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த அருணகிரி. பஸ் கண்டக்டராக இருந்த வேணுகோபால். வேணுகோபாலுக்கு வீசிங் உண்டு. சட்டைப் பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். அவரை இன்றைக்கும் எல்லோரும் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

பெரணமல்லூர் ரோட்டில் இறங்கினார்கள். எந்த ஸ்டாப்பிங் என்று கேட்டால் குணசுந்தரி சொல்வார். எழுத வேண்டாம் என்றும் சொல்வார்.

வாய்க்கால் ஓரமாக நடந்தார்கள். அந்தப் பக்கக் கரையில் உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓர் அம்மாள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் கையை ஆட்டினார். வணக்கம் சொல்கிறார் என்று நினைத்துக் கண்டக்டரும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். அந்த அம்மாள் விடாமல் ஆட்டிக்கொண்டே இருந்தார். அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

சட்டென்று மழை பிடித்துக்கொண்டது. தூறல் இல்லை, நேராகக் கொட்டியது. பக்கத்தில் பயிர் வைக்காமல் விட்ட நிலம். நடுவில் ஒரு கிணறு. கிணற்றை ஒட்டித் தகரக் கூரை போட்ட மோட்டார் ரூம். கண்டக்டர் நனைந்தால் இழுப்பு வந்துவிடும். மூன்று பேரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடி உள்ளே நுழைந்தார்கள்.

டமார்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

காற்றுதான் என்று அருணகிரி சொன்னார். தலையைத் துவட்டிக்கொண்டே ஒரு கையால் தள்ளிப் பார்த்தார். கதவு அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். வெளியே சங்கிலி 'கிணுக்' என்று இழுபட்டது. அப்புறம் பூட்டு ஒன்று கதவில் மோதுகிற சத்தம்.

யாரோ வேண்டுமென்றே பூட்டியிருக்கிறார்கள் என்று அவருக்குக் கோபம் வந்தது. நாங்கள் திருடர்கள் இல்லை, மழைக்கு ஒதுங்கினவர்கள் என்று கத்தினார். குணசுந்தரி மகளுக்குப் போன் போட்டுப் பார்த்தார். சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. சுவரின் மேலே ஒரு செங்கல் எடுத்த ஓட்டை. அதன் வழியாக வந்த வெளிச்சத்தில் எதிரில் இருப்பவர் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை.

அப்போதுதான் குணசுந்தரிக்கு அது உறைத்தது. வெளியே அவ்வளவு மழை. தலைக்கு மேல் தகரம். காது அடைத்துப்போக வேண்டும். ஆனால் ரேடியோவைக் குறைத்து வைத்த மாதிரி, மழைச் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டது.

உள்ளே வியர்த்தது. நனைந்து நடுங்கிக்கொண்டு வந்தவர்களுக்கு வியர்த்தது. குணசுந்தரி சுவரில் கை வைத்தார். வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். சித்திரை மாதத்து மத்தியான வெயிலில் காய்ந்த சுவர் எப்படிச் சுடுமோ, அப்படிச் சுட்டது.

கண்டக்டருக்கு மூச்சு விசிலடிக்க ஆரம்பித்தது. இன்ஹேலரை எடுத்து அழுத்தினார். ஒரு தடவை வந்தது. அடுத்த தடவை வெறும் காற்று. அவர் கதவோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டார். குணசுந்தரி அவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு, முன்னால் குனிந்து மெதுவாக மூச்சுவிடச் சொன்னார். குரலில் பதற்றம் இல்லை. ஆனால் எத்தனை நிமிஷம் தாங்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

அருணகிரி கதவை ஓங்கி ஓங்கி அடித்தார்.

"தட்டாதீங்க."

பெண் குரல். சின்ன வயசுக் குரல்.

மூன்று பேருக்கும் உயிர் வந்தது. வெளியே யாரோ பெண் இருக்கிறாள்.

"யாரும்மா அது? கதவைத் தொற. இங்க ஒருத்தருக்கு மூச்சு வாங்குது. ஜல்தி."

"என்னால முடியாதுங்க. அவர் வந்தாத்தான் தொறப்பாரு."

யார் அவர், எங்கே போயிருக்கிறார் என்று அருணகிரி கேட்டார். டவுனுக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று பதில் வந்தது. சாவி அவரிடம்தான் இருக்கிறதாம். மரியாதையான குரல். அழுது ஓய்ந்த குரல். யாரையாவது கூட்டி வரச் சொல்லி அருணகிரி கெஞ்சினார்.

கொஞ்ச நேரம் கழித்து...

"தாகமா இருக்குதுங்க."

குணசுந்தரி தலையைத் திருப்பினார்.

அந்தக் குரல் கதவுக்கு வெளியே இருந்து வரவில்லை.

பின்னால் இருந்து வந்தது.

உள்ளே இருந்து.

மூலையில் பழைய மோட்டார் இருந்த இடம். அருணகிரி போன் டார்ச்சைப் போட்டு அந்தப் பக்கம் திருப்பினார். துருப்பிடித்த மோட்டார். ஒட்டடை. அறுந்த ஒயர். வேறு ஒன்றும் இல்லை. வெறும் மூலை.

அந்த வெறும் மூலை பேசியது.

"லைட்டை நிறுத்துங்க. அவருக்குத் தெரிஞ்சா அடிப்பாரு."

அருணகிரி சட்டென்று லைட்டை அணைத்தார். மின்கம்பத்தின் உச்சியில் நின்று முப்பது வருஷம் வேலை பார்த்த மனுஷன் குழந்தை மாதிரி குணசுந்தரியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்து, தான் ஏன் அப்படிச் செய்தார் என்று குணசுந்தரிக்கு இன்றைக்கும் தெரியாது. வார்டில் யார் தாகம் என்று கேட்டாலும் எழுந்து போய்த்தான் பழக்கம். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார். குனிந்து, தரையோடு தரையாக அந்த மூலைக்கு உருட்டிவிட்டார்.

பாட்டில் உருண்டது.

நின்றது.

மூடி திறக்கும் சத்தம்.

மடக்... மடக்... மடக்...

"எவ்ளோ நாளா இங்க இருக்கிறம்மா?" என்று கேட்டார். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

"தெரியலீங்க. கத்திகினே இருந்தேன். யாரும் வரல."

கண்டக்டரின் விசில் சத்தம் நின்று நின்று வந்தது. அவர் விரல்களைக் குணசுந்தரி தடவிப் பார்த்தார். சில்லென்று இருந்தன. அந்த வெக்கையில்.

அப்போது வெளியே...

சதக்.

சதக்.

சேற்றில் செருப்பு. கனமான ஆள். மோட்டார் ரூமைச் சுற்றிக்கொண்டு வந்தது.

"அவருதான்." அந்தப் பெண்ணின் மூச்சு குணசுந்தரியின் காதில் பட்டது. அவ்வளவு பக்கம். "பேசாதீங்க."

சதக்.

கதவுக்கு முன்னால் நின்றது.



சாவி நுழையும் சத்தம்.

பூட்டு விழுந்தது.

சங்கிலி சரிந்தது.

வெளிச்சம்.

வாசலில் யாரும் இல்லை. மழை மட்டும்.

குணசுந்தரியின் இடது தோளை உரசிக்கொண்டு ஏதோ வேகமாக வெளியே போனது. புடவைத் தலைப்பு முகத்தில் பட்ட மாதிரி இருந்தது. அதே நேரம் வலது பக்கமாக ஏதோ உள்ளே வந்தது. கூடவே ஒரு வாடை. பினாயில், ஸ்பிரிட், நாள்பட்டுக் கிடந்த உடம்பு. ஆஸ்பத்திரியில் கடைசிக் கட்டிலில் அடிக்கும் வாடை. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

திரும்பிப் பார்க்கவில்லை. கண்டக்டரை ஆளுக்கொரு பக்கம் தோளில் தாங்கி, மழையில் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். தார்ரோடு வந்ததும்தான் நின்றார்கள். முதலில் வந்த ஷேர் ஆட்டோவை நிறுத்தி, நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கண்டக்டர் பிழைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார்.

இரண்டு நாள் குணசுந்தரி தூங்கவில்லை. பயம் ஒரு பக்கம். ஒருவேளை நிஜமாகவே ஒரு பெண்ணை யாராவது அங்கே அடைத்து வைத்திருந்தால்? அந்தக் குரலைக் கேட்டுவிட்டு வந்தும் சும்மா இருப்பதா? அருணகிரிக்கு அரைமனசுதான். இருந்தாலும் புதன்கிழமை காலையில் தன் வண்டியில் அவரை உட்கார வைத்துக் கூட்டிப்போனார்.

நல்ல வெயில். கிணறு இருந்தது. மோட்டார் ரூம் இருந்தது.

கதவு இல்லை.

நிலை மட்டும் நின்றது. கீல் இருந்த இடத்தில் துரு. நிலையின் இரண்டு பக்கத்தையும் இணைத்துச் சிலந்தி பெரிதாக வலை கட்டியிருந்தது. அருணகிரி தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கதவில் மோதிக் கன்றிப்போன இடம் இன்னும் வலித்தது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து ஆடு மேய்க்கிற அம்மாள் கரையேறி வந்தார். பெயர் கலைமகள். வந்ததும் வராததுமாகச் சத்தம் போட்டார். அங்கே போகாதீர்கள் என்று அன்றைக்கு அவ்வளவு கை ஆட்டியும் ஏன் போனீர்கள் என்று கேட்டார்.

கதவை யார் சாத்தினார்கள் என்று குணசுந்தரி கேட்டார்.

கலைமகள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"கதவு ஏதுங்க? மூணு பேரும் வாசல்லியே இருந்தீங்க, இவரு வெறும் காத்தைத் தள்ளிகினு இருந்தாரு. நான் இந்தாண்ட இருந்து கத்திகினே இருக்கிறேன். ஒருத்தர்கூட என்னைத் திரும்பிப் பாக்கல."

பிறகு அவரே சொன்னார். அஞ்சாறு வருஷத்துக்கு முன்னால், ஒரு சித்திரை மாதம். அந்த நிலத்துக்காரன் சந்தேகப் பிராணி. பெண்டாட்டி போனில் யாரிடமோ பேசினாள் என்று அடித்து, அந்த ரூமில் போட்டுப் பூட்டிவிட்டு டவுனுக்குக் குடிக்கப் போய்விட்டான். திரும்பி வர நாலு நாள் ஆனது. அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று எல்லோரிடமும் போனில் சொல்லியிருந்தான். நிலம் தரிசு. காது கேட்கிற தூரத்தில் ஆள் இல்லை. அவன் வருவதற்குள் போலீஸ் வந்து கதவை உடைத்து, அந்தப் பெண் அகல்யாவைப் பிணமாகத்தான் வெளியே எடுத்தார்கள். உடைத்த கதவையும் கேஸுக்காகக் கொண்டுபோய்விட்டார்கள். அதற்கப்புறம் யாரும் அதற்குக் கதவு போடவில்லை.

அவன் இப்போது எங்கே என்று அருணகிரி கேட்டார்.

ஜாமீனில் வந்து ஊரிலேயேதான் இருந்தான் என்றார் கலைமகள். ஈரல் கெட்டு, வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு மாதமாகக் கிடந்தானாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் உயிர் போனது. நீங்கள் மூன்று பேரும் மழையில் விழுந்தடித்து ஓடினீர்களே, அதற்குக் கொஞ்ச நேரத்தில் ஊருக்குச் சேதி வந்தது என்றார்.

குணசுந்தரி கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண்ணின் குரல் இன்னும் கேட்கிறதா என்று மெல்லக் கேட்டார்.

கலைமகள் அந்த வெறும் வாசலைத் திரும்பிப் பார்த்தார். ஆடுகளைச் சாலைப் பக்கம் விரட்டினார்.

"ஞாயித்துக்கெழமையில இருந்து அது கேக்கலீங்க," என்றார். "இப்ப ஆம்பளக் குரல்தான் கேக்குது. தொற, தொறன்னு."