பெரியப்பா சொன்னதும் நான் சொன்னதும்

அப்பா பிளேக்கில் போனபோது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நாலு. மைசூரில் மண்டி மொஹல்லாவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பா சத்தியமங்கலத்துக்காரர். திம்பம் மலை ஏறி மஞ்சள் மூட்டை கொண்டுவரும் வண்டிக்காரராக வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். அம்மா நஞ்சன்கூட்டுப் பெண். ஜாதி வேறு, பாஷை வேறு. சாமுண்டி மலையில் யாருமில்லாமல் தாலி கட்டிக்கொண்டார்கள். அப்பாவின் வீட்டார் அன்றே அவரைத் தலைமுழுகிவிட்டார்கள்.

அம்மாவோடு அப்பா கன்னடம்தான் பேசுவார். மாடுகளோடும் என்னோடும் மட்டும் தமிழ். அதனால் அம்மாவுக்கு 'வா, போ' தவிரத் தமிழ் வராமலே போயிற்று.

அப்பா போய் ஒரு மாதம் கழித்துப் பெரியப்பா வந்தார். அதற்கு முன் அவரை நாங்கள் பார்த்ததில்லை. வாசலிலேயே நின்றார். கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை. அம்மா ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் கறுப்பு மாவோடு எழுந்து கதவோரம் வந்தாள். பெரியப்பாவுக்குக் கன்னடம் தெரியாது. நான் நடுவில் நின்றேன். பெரியப்பா தம்பியைக் காட்டினார்.

"எனக்கு மூணும் பொட்டப்புள்ளைங்க. எங்கப்பன் பேரு சொல்ல ஒரு பையன் வேணும். இவனைக் கூட்டிக்கிட்டுப் போறேன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு."

சொன்னேன். அம்மா விரலில் ஒட்டிய மாவை உரித்துக்கொண்டே இருந்தாள். அந்த மாதம் நாங்கள் பாதி நாள் கஞ்சியில் ஓட்டியிருந்தோம். பிறகு என்னைக் காட்டி, "இவளை?" என்று கேட்டாள்.

பெரியப்பா அப்போதுதான் என்னைப் பார்த்தார். "பொட்டப்புள்ளைய வெச்சு நா என்ன பண்றது? கன்னடத்துக்காரி பெத்த பொண்ணை எங்க பக்கம் எவன் கட்டுவான்?"

"நான் உனக்குத் துணைக்கு இருக்கட்டுமாம்" என்று அம்மாவிடம் சொன்னேன்.

"சரி, எப்போது கூட்டிவந்து காட்டுவார், கேள்" என்றாள். பெரியப்பாவிடம் கேட்டேன்.

"இனி இந்தப் பக்கம் வரமாட்டான். அம்மா செத்துப்போச்சுன்னு சொல்லித்தான் வளர்த்துவோம். சம்மதம்னா குடுக்கச் சொல்லு."

அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனு ஹேளிதரு?" என்றாள். என்ன சொன்னார்?

"தசராவுக்குத் தசரா கூட்டிவருவாராம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். உள்ளதைச் சொன்னால் அம்மா அங்கேயே விழுந்துவிடுவாள் என்று பயந்தது நிஜம். அவன் போய்விட்டால் அம்மா எனக்கு மட்டும் என்று ஒரு கணம் தோன்றியதும் நிஜம். எது முதலில் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா அவனுக்கு முகம் கழுவி, தலை வாரி அனுப்பினாள். வண்டியில் முன்னால் உட்காரவைத்ததில் அவனுக்கு ஒரே குஷி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வருடம் தசராவின் பத்து நாளும் அம்மா வேலைக்கு உட்காரவில்லை. யானை ஊர்வலம் போகும் வீதியில், எல்லாரும் யானையைப் பார்க்க, அவள் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த இரண்டு வருடமும் போனாள். நாலாவது வருடம் போகவில்லை. நான் அப்போதும் வாய் திறக்கவில்லை.

எனக்கு வரன் பார்த்தார்கள். கன்னடத்தார், "அப்பன் தமிழனாமே" என்றார்கள். தமிழர், "அம்மா எந்த ஜாதி?" என்றார்கள். கடைசியில் பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி வேலை கற்றுக்கொண்டேன். அங்கிருந்த தமிழ் நர்ஸ் ஒருவரிடம் எழுத்துக் கூட்டப் படித்தேன். தம்பிக்குக் கடிதம் எழுதத்தான். நிறைய எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

அவன் போய் இருபது வருடம் கழித்து, ஓர் ஆடி மாதக் காலையில், அப்பாவின் ஜாடையில் ஓர் ஆள் வாசலில் வந்து நின்றான்.

"பெரியப்பா போயிட்டாருங்க. பொட்டியில உங்க காயிதமெல்லாம் இருந்துச்சுங்க. ஒன்னுகூட என்கிட்டக் காட்டலீங்க" என்றான்.

அம்மா அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "யாக்கப்பா பரலில்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவன் என்னைப் பார்த்தான். கன்னடம் அவனுக்குச் சுத்தமாக மறந்திருந்தது.

"ஏன் வரலேன்னு கேக்கறாங்க. ஒவ்வொரு தசராவுக்கும் நீ வருவேன்னு இருந்தாங்க" என்றேன்.

"தசராவுக்கா? ஆரு சொன்னாங்க? அம்மா செத்துப்போச்சுன்னுதானுங்களே எனக்குச் சொல்லியிருந்தாங்க."

அம்மா என் பக்கம் திரும்பினாள். அன்று எல்லாவற்றையும் சொன்னேன். பெரியப்பா சொன்னது, நான் சொன்னது, எதையும் விடவில்லை. அவள் கைகள் அவன் முகத்திலிருந்து இறங்கின.

"கொடுத்திரலில்ல" என்றாள், சுவரைப் பார்த்து. கொடுத்திருக்கமாட்டேன். அவ்வளவுதான். பிறகு அவனுக்குச் சோறு போடச் சொன்னாள்.

சாயங்காலமே அவன் கிளம்பினான். "வீட்ல சொல்ல முடியாதுங்கக்கா. பொண்ணு குடுத்தவிய கேட்டா வம்பாயிரும். ரெண்டு கொழந்தைங்க இருக்குதுங்க" என்றான். கண் கலங்கியிருந்தது. அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அம்மா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். மூன்று வருடம் கழித்து வயிற்றில் கட்டி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். டாக்டர் இங்கிலீஷில் சொல்வதை நான் கன்னடத்தில் சொல்வேன். கேட்டுக்கொள்வாள். நான் அந்தப் பக்கம் போனதும் வார்டு ஆயாவைக் கூப்பிட்டு, "நிஜவா?" என்று விசாரிப்பாள். இனிப் பிழைக்கமாட்டாள் என்று டாக்டர் சொன்ன அன்றும் உள்ளபடியே சொன்னேன். அன்றும் ஆயாவைக் கேட்டாள்.

தம்பிக்குத் தந்தி கொடுத்தேன். அவன் வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. ஐந்தாம் நாள் வந்தான். நஞ்சன்கூட்டில் கபிலா நதிப் படியில் காரியம் செய்ய உட்கார்ந்தான். தலைமயிர் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்தால் வீட்டில் யாருக்காக என்று கேட்பார்களாம். நான் பெண், அதனால் இரண்டு படி மேலே நின்றிருந்தேன்.

புரோகிதர், "தாயாரின் பெயர்?" என்றார்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான்.

சொன்னேன். கன்னடப் பெயர். அவன் நாக்குக்குச் சரியாக வரவில்லை. இன்னொரு தடவை, மெதுவாகச் சொன்னேன்.