கம்பத்தில் ஏறிய குழிக்காரன்

பார்ட்லி கியோ யாரையாவது அடிக்காமல் இருந்த வாரம் என்று ஒன்று இருந்திருந்தால், அந்த வாரம் அவன் காய்ச்சலில் கிடந்திருப்பான். நியூயார்க்கின் கிழக்கு ஆற்றுத் துறையில் மூட்டை தூக்கிய காலத்திலேயே அவனுக்கு அடிதடிக்காரன் என்ற பெயர் வந்துவிட்டது. அவனுடைய மூக்கே இரண்டு தடவை உடைந்து, இஷ்டத்துக்கு ஒட்டிக்கொண்ட மூக்கு. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் பங்குச் சாமியார் பெருமூச்சு விடுவார். “உனக்கு மன்னிப்புக் குடுத்துக் குடுத்தே என் நாக்கு தேஞ்சு போச்சுடா. இந்த வாரம் யாரு?” என்பார். இவன் வெட்கமே இல்லாமல் பெயர்களைச் சொல்லுவான்.

இப்படிப்பட்ட ஆளைத் தேடிப் பிடித்து வேலை கொடுத்தது மின்சாரக் கம்பெனி. ஆச்சரியப்படாதீர்கள். அப்போது ஊரில் இரண்டு மின்சாரம் இருந்தது, இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம். ஒன்று நேர் மின்சாரம். ஒரே பக்கமாக ஓடும், தெருவைத் தோண்டிக் குழிக்குள் குழாய் போட்டுக் கொண்டுபோவார்கள். இன்னொன்று மாறு மின்சாரம். முன்னும் பின்னுமாக மாறி மாறி ஓடும், அழுத்தம் பத்து மடங்கு, கம்பம் நட்டு மேலே கம்பி இழுத்து எவ்வளவு தூரத்துக்கும் அனுப்புவார்கள். இரண்டு கம்பெனித் துரைமார்களும் பத்திரிகையில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். தெருவில் அந்தச் சண்டையை கூலியாட்கள் கையால் போட்டார்கள். குழிக்காரர்கள் ஒரு கோஷ்டி, கம்பக்காரர்கள் ஒரு கோஷ்டி. இவர்கள் தோண்டிய குழியில் அவர்கள் குதிரைச் சாணியை வண்டி வண்டியாகக் கொட்டுவார்கள். அவர்கள் நட்ட கம்பத்தை இவர்கள் அடியில் ரம்பம் போட்டு வைப்பார்கள். பிறகு மண்வெட்டிக் காம்பும் இரும்புக் கடப்பாரையும் பேசும். பார்ட்லி குழிக்காரன். குழியை வெட்டுவதைவிடக் குழியைக் காப்பதற்குத்தான் அவனை வைத்திருந்தார்கள்.

அவன் மச்சினன் ஃபெலிம் டான்ஸியும் முதலில் அதே குழியில்தான் இருந்தான். பார்ட்லியின் மனைவி நோனிக்கு ஒரே தம்பி. கப்பலில் அயர்லாந்திலிருந்து வரும்போது காய்ச்சலில் அப்பா அம்மா இரண்டு பேரையும் கடலில் போட்டுவிட்டு, இந்தத் தம்பியை மட்டும் இடுப்பில் வைத்துக்கொண்டு கரை இறங்கியவள் அவள். ஃபெலிம் வாய்க்காரன். ஒருநாள் குழிக்குள் எல்லார் முன்னாலும் பார்ட்லியின் மூக்கைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். பார்ட்லி விட்டான் ஒரு அறை. பையன் சேற்றில் குப்புற விழுந்தான். எழுந்து, வாயில் இருந்த மண்ணைத் துப்பிவிட்டு, நேராகக் கம்பக்காரர்களிடம் போய் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

அன்றைக்கு நோனி உருளைக்கிழங்குச் சட்டியை அப்படியே தரையில் வைத்தாள். சத்தம் போடவில்லை. அதுதான் பயம்.

“நீ அடிச்சுத்தானே அவன் அந்தக் கம்பத்துல ஏறப் போறான்? நல்லாக் கேட்டுக்கோ. அங்கேருந்து அவன் பொணமா எறங்கினான்னா, நீ இந்தப் படி ஏறாத. கூட்டத்தோட கூட்டமா நின்னு அழுதுட்டு அப்படியே போயிடு.”

“அவனா போனான்டி. நானா தள்ளுனேன்?”

“நீதான்யா தள்ளுன.”

நோனி இல்லாத வீடு என்பதை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அத்தனை பேரை அடித்தவன் இந்தக் குள்ளப் பொம்பிளைக்கு நடுங்குவான், அது தெருவுக்கே தெரியும்.

அந்த இலையுதிர் காலத்தில் பார்ட்லியின் நேர் மின்சாரக் கம்பெனிக்கு ஒரு யோசனை உதித்தது. மாறு மின்சாரம் ஆளைக் கொல்லும் என்று ஊருக்குக் காட்டிவிட்டால் கதை முடிந்தது அல்லவா? ஒரு மண்டபத்தில் பெரிய மனிதர்களையும் பத்திரிகைக்காரர்களையும் உட்கார வைத்தார்கள். தெருநாய்களைப் பிடித்து வந்தார்கள். நாய்களைப் பிடித்துக் கட்ட முரட்டு ஆள் வேண்டுமே? பார்ட்லி. மேடையில் நின்று விளக்கியவர் ஹாலிஸ்டர் என்ற கம்பெனிப் பேச்சாளர். முடிக்கு எண்ணெய் தடவி, கையுறை போட்டு, சாவைப் பற்றி ஏதோ சோப்பு விற்பது மாதிரி பேசுவார்.

முதல் நாய்க்கு நேர் மின்சாரம் கொடுத்தார்கள். கத்தியது, துடித்தது, பிழைத்துக்கொண்டது. அழுத்தத்தைக் கூட்டினார்கள். அப்போதும் சாகவில்லை. “இப்போது அதன் துன்பத்தை முடித்து வைப்போம்” என்று ஹாலிஸ்டர் மாறு மின்சாரத்தைத் திருப்பினார். நாய் கட்டை மாதிரி விறைத்தது, அவ்வளவுதான். கடைசியில் ஒரு வண்டிக் குதிரை. பார்ட்லிக்கு அந்த இனம் தெரியும். துறையில் ஆறு ஆள் தள்ளினாலும் நகராத மிருகம் அது. இவன்தான் அதன் கால்களில் ஈரத் துணி சுற்றிக் கம்பியைக் கட்டினான். அது அவன் தோளை முகர்ந்தது. கைப்பிடியைத் திருப்பினார்கள். குதிரை கத்தக்கூட இல்லை. நான்கு காலும் ஒரே சமயத்தில் மடங்கி, மேடையே அதிர விழுந்தது. முடி கருகின நாற்றம் மண்டபம் முழுக்கப் பரவியது. முன் வரிசையில் ஒருவர் கை தட்டினார். பார்ட்லி பின்பக்கச் சந்துக்குப் போய்க் குடல் வெளியே வருகிற அளவுக்கு வாந்தி எடுத்தான்.

வாயைத் துடைத்தவுடன் அவனுக்கு ஞாபகம் வந்தது விரல்தான். குழிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்க, விரலை நக்கி ஈரமாக்கித் தொட்டுப் பார்ப்பார்கள். இருந்தால் சுருக்கென்று கடிக்கும், கெட்ட வார்த்தை சொல்லிக் கையை உதறுவார்கள். ஃபெலிம் குழியில் தொழில் பழகியவன். அவன் விரலும் அப்படித்தான் போகும். கம்பத்திலும்.

அன்று சாயங்காலமே மெக்கார்டல் கடைக்கு ஓடினான். கம்பக்காரர்கள் குடிக்கும் இடம் அது. ஃபெலிம் கறுப்பு பீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவர்கள் மேஸ்திரி, ஆக்செல் லிண்ட் என்ற சுவீடன்காரன், கதவு மாதிரி அகலம்.

“மாப்ள, ஒரு வார்த்தை.”

“வா மச்சான். மூக்கு எப்படி இருக்கு?” கடையே சிரித்தது.

பார்ட்லி அதைப் பொறுத்துக்கொண்டு கிட்டே குனிந்தான். “கம்பில விரல வச்சுப் பாக்காதடா. குழி மாதிரி இல்ல அது. கடிக்காது, தின்னுடும். இன்னைக்கு ஒரு குதிரை என் கண்ணு முன்னால செத்துச்சு. இவ்ளோ பெரிய குதிரை.”

“யாரு கொன்னா?”

“எங்க கம்பெனில...”

“ஆங், அப்படிச் சொல்லு!” ஃபெலிம் மேசையைத் தட்டினான். “டேய், கேட்டீங்களாடா? கம்பெனிக்காரன் நாய்க்கும் குதிரைக்கும் கருமாதி பண்ணிட்டு, சாயங்காலப் பேப்பர்ல போட்டது பத்தாதுன்னு, இப்ப மச்சானையும் ஊர் ஊரா அனுப்புறான். எவ்ளோ மச்சான் குடுக்குறான், ஒரு பேச்சுக்கு?”

“சத்தியமா சொல்றேன்டா.”

“நானும் சத்தியமா சொல்றேன். பகல்ல நாங்க வேலை செய்யறப்ப கம்பி செத்துக் கெடக்கும். விளக்குக்குத்தானய்யா கரண்டு? வெளிச்சம் இருக்கறப்ப எவன் விளக்குப் போடுவான்? அப்பவும் நான் விரல வச்சுப் பாத்துட்டுத்தான் தொடுறேன். போ, போயி உன் மொதலாளிகிட்டச் சொல்லு, ஃபெலிம் பயப்படலைன்னு.”

“அந்த விரலத்தான்டா வைக்காதங்கறேன்!”

“போய்யா, நாய் புடிக்கிறவனே.”

சும்மா சொல்லக்கூடாது, பார்ட்லி அதுவரை பொறுத்ததே பெரிசு. அவனுக்கு ஒரு கணக்குத் தோன்றியது: கை கால் உடைந்தால் கம்பம் ஏற மாட்டான். பைத்தியக்காரக் கணக்கு. மேசையோடு சேர்த்து ஃபெலிமைத் தூக்கி எறிந்தான். விலாவில் உதைத்தான். கணுக்காலை மிதிக்கக் காலைத் தூக்கும்போது லிண்ட் ஒரு ஸ்டூலை அவன் முதுகில் உடைத்தான். அப்புறம் கடையில் இருந்த அத்தனை பேரும் அவன்மேல் விழுந்தார்கள். பல் ஒன்று போயிற்று, காது கிழிந்தது. தெருவில் தூக்கிப் போட்டார்கள். உள்ளேயிருந்து ஃபெலிம் வாயில் ரத்தத்தோடு கத்தினான்: “நாளைக்கே ஏறுறேன்டா! பாத்துக்கோ!”

ஏறவும் ஏறினான். ஒரு கண் வீங்கி மூடியிருக்க, விலாவைப் பிடித்துக்கொண்டு ஏறினான். பார்ட்லியும் விடவில்லை, மறுநாளே தன் மேஸ்திரியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அதே தெருவில் தோண்டும் குழிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டான். தினமும் கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டே மண் அள்ளினான்.

நவம்பர் கடைசியில் ஒருநாள் மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. ஈரப் பனி கொட்டியது. கடைக்காரர்கள் விளக்குக் கேட்டு ஆள் அனுப்பியிருப்பார்கள், மின்நிலையத்தில் இயந்திரத்தை நேரத்தோடு ஓட்டிவிட்டார்கள். கம்பத்தில் இருந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எவனுக்கும் தோன்றவில்லை, பாவிகள்.

பார்ட்லி பார்த்துக்கொண்டே இருந்தான். மேலே ஃபெலிம் இடது கையால் குறுக்குச் சட்டத்தின் இரும்பைப் பிடித்துக்கொண்டு, வலது கை விரலை வாயில் வைத்தான். “டேய்!” என்று பார்ட்லி அலறினான். விரல் கம்பியில் பட்டது. மற்ற விரல்களும் தாமாகவே மடங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டன. ஃபெலிம் வில்லாக வளைந்தான். பல் தெரிந்தது, சத்தம் இல்லை. கையிலிருந்து நீலமாகப் பொறி பறந்தது, பிறகு புகை.

தெரு முழுக்க ஜனம். சந்தைக்கு வந்த பெண்கள் தலையில் கை வைத்துக்கொண்டு கூவினார்கள். பார்ட்லி குழியிலிருந்து எகிறி, எதிரே விறகுக் கடைக்குள் புகுந்து கோடாலியை எடுத்தான். உள்ளே இருந்த கோடாலி, காம்பு காய்ந்திருந்தது; காய்ந்த மரத்தில் மின்சாரம் ஏறாது. கம்பத்துக்கு ஓடினால் லிண்ட் ஏற்கெனவே பாதி ஏறிவிட்டான், ஃபெலிமின் காலைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

“தொடாதடா! உன்னையும் புடிச்சுக்கும்!”

கேட்டால்தானே? பார்ட்லி நான்கு எட்டில் ஏறி, லிண்டின் இடுப்பு வாரைப் பிடித்துத் திருப்பி, தாடையில் வைத்தான் ஒரு குத்து. அந்த மலை பனிக் குவியலில் போய் விழுந்தது. பிறகு பல மாதம் ஆகியும் லிண்ட் அந்தக் குத்துக்குப் பதில் குத்து விடவில்லை. ஏன் விழுந்தோம் என்று அவனுக்குப் பிறகு புரிந்திருக்க வேண்டும்.

மேலே போனதும் பார்ட்லி கம்பியை வெட்டத்தான் கோடாலியை ஓங்கினான். கீழே பார்த்தான். அறுந்த கம்பி அந்தப் பெண்கள் தலையில் விழும். ஓங்கியதைத் திருப்பி, காம்பால் ஃபெலிமின் முழங்கையில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. பிடி விடவில்லை. இன்னொரு அடி. விடவில்லை. குதிரை முடி கருகின அதே நாற்றம் மூக்கில் ஏறியது. பார்ட்லி வாய்விட்டு அழுதுகொண்டே, “மாப்ள, மன்னிச்சுக்கடா, மாப்ள” என்று சொல்லிக்கொண்டே, கோடாலியின் வாயை மணிக்கட்டில் போட்டான். முதல் வெட்டில் போகவில்லை. இரண்டாவதில் போயிற்று. ஃபெலிம் கம்பத்தோடு கட்டியிருந்த இடுப்பு வாரில் தொங்கினான். கை மட்டும் கம்பியைப் பிடித்தபடி மேலேயே நின்றது.

தன் கழுத்துத் துணியால் வெட்டுப்பட்ட கையை இறுக்கிக் கட்டி அவனைத் தோளில் போட்டு இறக்கினான். மார்பில் காதை வைத்தான். எங்கேயோ ஒரு துடிப்பு இருந்தது.

ஆஸ்பத்திரியில் நோனி தம்பியின் கையில் போட்ட கட்டைப் பார்த்தாள், புருஷனின் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தாள். “உசுரோட எறக்கிட்ட. வீட்டுக்கு வா. அதுக்கு மேல இப்ப என்கிட்ட எதுவும் பேசாத” என்றாள். ஃபெலிம் கண் விழித்ததும் முதலில் சொன்னது, மச்சான் முகத்தில் விழிக்க மாட்டேன் என்பதுதான்.

பத்திரிகைகள் விடுமா? படம் போட்டுக் கிழித்தார்கள். ஒரு வாரத்துக்குள் ஹாலிஸ்டர் மூச்சிரைக்கப் பார்ட்லி வீட்டு மாடிப்படி ஏறி வந்துவிட்டார். அதே மண்டபம், அதே மேடை. பார்ட்லி அந்தக் கோடாலியோடு வந்து நின்று நடந்ததைச் சொன்னால் போதுமாம், பணம் தருவார்களாம்.

“நிஜத்தைத்தானே சொல்லப் போறீங்க மிஸ்டர் கியோ? இதுல பொய் என்ன இருக்கு?”

“நெசந்தான்.”

“அப்புறம் என்ன?”

“நெசத்த நீங்க வாங்கிட்டீங்கன்னா, அத அப்புறம் எவன்யா நம்புவான்?” என்று பார்ட்லி கேட்டான். ஹாலிஸ்டர் சிரித்தார். சிரித்திருக்க வேண்டாம். இரண்டு மாடிப் படியையும் அவர் உட்கார்ந்தபடியே இறங்கினார். தொப்பி பின்னால் வந்தது. வேலை அன்றைக்கே போயிற்று, பார்ட்லி மறுபடி துறையில் மூட்டை தூக்கப் போனான்.

ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஃபெலிம் வந்தான். ஒரு கைச் சட்டையை மடித்து ஊசி குத்தியிருந்தான். நோனி கதவைத் திறக்க, அவளைத் தாண்டி நேராக உள்ளே வந்து, இடது கையால் பார்ட்லியின் முகத்தில் குத்தினான். நல்ல குத்து. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. பார்ட்லி கையைத் தூக்கவில்லை, துடைக்கவும் இல்லை. ஃபெலிம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“அன்னைக்குக் கடைல வந்து சொன்னியே, அது நெசம்னு உனக்கு நல்லாத் தெரியும்ல?”

“தெரியும்டா. கண்ணால பாத்தேன்.”

“அப்புறமா அந்த வேலைய விட்டியே. மொதல்லயே விட்டுட்டு வந்து சொல்லியிருக்கலாம்ல? நான் நம்பியிருப்பேனே, மச்சான்.”

அப்படி ஒரு வழி பார்ட்லிக்குத் தோன்றவே இல்லை. அடிக்கத் தோன்றியது, வெட்டத் தோன்றியது, அந்தக் கம்பெனிச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்ச் சொல்லலாம் என்று மட்டும் தோன்றவில்லை. அங்கேயே உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதான்.

நோனி மூன்று தட்டு வைத்தாள். உப்பு மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் வைத்தாள். தம்பியால் ஒரு கையால் நறுக்க முடியாதே என்று கத்தியை எடுத்துக்கொண்டு அவன் பக்கம் குனிந்தாள். ஃபெலிம் அவள் கையைத் தள்ளிவிட்டு, தட்டை மேசையின் குறுக்கே பார்ட்லி பக்கம் நகர்த்தினான்.

“நீ விடுக்கா. மச்சான் நறுக்கட்டும். அதுலதான் அவரு கெட்டிக்காரராச்சே.”

யாரும் சிரிக்கவில்லை. பார்ட்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தியை வாங்கினான். சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிக் கொடுத்தான்.