மஞ்சள் துணி கட்டிய மரம்

படப்பிடிப்புக்குக் காடு பார்த்துக் கொடுப்பது என் தொழில். மனிதர் கால் படாத இடம் வேண்டும் என்று கேட்பவர்கள் எல்லோரும் அடுத்த மூச்சிலேயே கார் நிறுத்த வசதி உண்டா என்றும் கேட்பார்கள். வாடகை வீடு தேடி நாயாக அலைந்தவர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும்.

பாஸின் பட்டியல்

பத்துப் பேரைப் பன்னிரண்டு நாள் காட்டில் விட்டு, யார் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று காட்டும் நிகழ்ச்சி அது. தயாரிப்பாளர் செல்வா கோலாலம்பூர்க்காரர், எங்கள் எல்லோருக்கும் பாஸ். வழக்கமாகப் பினாங்கில் என்ன படப்பிடிப்பு என்றாலும் இடம் பார்க்கத் தலைநகரிலிருந்துதான் ஆள் வருவார். நான் அவருக்கு வழி காட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். இந்த முறைதான் முதன்முதலாக முழுப் பொறுப்பும் என் கைக்கு வந்தது. நான் சொல்லும் இடம் பிடிக்கவில்லை என்றால் நிகழ்ச்சி பகாங் மாநிலத்துக்குப் போய்விடும். அப்புறம் என்னை யார் கூப்பிடுவார்கள்?

பினாங்கு டத்தோ கிராமாட்டில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பாஸ் போனில் சொல்லச் சொல்ல எழுதினேன். ஆறு வேண்டும். அடர்ந்த மரங்கள் வேண்டும். கட்டடம், மின்கம்பி, மனித வாடை எதுவும் கேமராவில் விழக் கூடாது. ஆஸ்பத்திரி மட்டும் பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லாம் முடிந்தது என்று பேனாவை மூடும்போது, "மிஸ் கவிதா, அட்டை கொஞ்சம் கம்மியா இருக்கிற காடா பாருங்க லா," என்றார்.

மூன்று துணி

ஜீப் ஓட்டும் காசிம் பாயும் நானும் ஆறு வாரம் அலைந்தோம். கெடா மாநில எல்லையை ஒட்டிய ஒரு மலையில், இரண்டு மணி நேரம் நடந்து அந்த ஆற்றங்கரையைக் கண்டேன். வெள்ளை மணல், கண்ணாடித் தண்ணீர், கரையில் நான்கு பேர் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத ஒரு மரம். இதைக் கண்டுபிடித்தது தலைநகர ஆள் இல்லை, நான்.

ஆனால் எவ்வளவு அழகான ஆறாக இருந்தாலும் நான் தண்ணீரை நம்ப மாட்டேன். மலை உச்சியில் மழை கொட்டினால், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் பாய்ந்து வந்துவிடும். மலாயில் இதைக் கெப்பாலா ஆயர் என்பார்கள். அதனால் கூடாரம் போட நினைக்கும் இடத்து மரத்தில் முழங்கால் உயரத்தில் ஒன்று, இடுப்பு உயரத்தில் ஒன்று, தலைக்கு மேல் ஒன்று என்று மூன்று துணி கட்டிவிட்டு வருவேன். பிறகு வந்து எது சேறாகியிருக்கிறது என்று பார்ப்பேன். பச்சைக்கு நடுவே பளிச்சென்று தெரியட்டும் என்று அன்றைக்கு மஞ்சள் துணி கொண்டுபோயிருந்தேன். மரத்தில் மஞ்சள் துணி கட்டினால் நம் ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

காசிம் பாய் மணலில் காலை நீட்டி உட்கார்ந்து, "இந்த இடத்த யாருகிட்டயும் வாயத் தொறந்து சொல்லிராதம்மா. அடுத்த வாரமே பர்கர் கடை போட்ருவானுங்க," என்றார்.

திடீர்க் கோயில்

மூன்று வாரம் கழித்துப் பாஸை அழைத்துப் போனேன். வழி நெடுக ஒரே பெருமை. "நமக்கு முன்னால இங்க மனுஷங்க வந்ததே இல்ல பாஸ்," என்று சொல்லி வாயை மூடவில்லை, ஊதுபத்தி வாசனை வந்தது. மரத்தடியில் எலுமிச்சம்பழம், குங்குமம், ஒரு சின்னச் சூலம், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு நாற்காலியிலிருந்து எழுந்த மனிதர் எங்களைக் கை கூப்பி வரவேற்றுப் பொங்கல் கொடுத்தார்.

அவர் பெயர் குமார், பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். மீன் பிடிக்க வந்தவர் துணியைப் பார்த்திருக்கிறார். இப்போது ஞாயிறு தோறும் நாலைந்து குடும்பம் வருகிறதாம். மறுபக்கத்துச் செம்பனைத் தோட்டத்தின் வழியாக மோட்டார் சைக்கிளில் வந்தால் இருபதே நிமிடம். இரண்டு மணி நேரம் நடந்து வந்த பாஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு வாரத்துக்கு முன்ன வெள்ளம் வந்துச்சுக்கா. கீழ உள்ள ரெண்டு துணியையும் அடிச்சிட்டுப் போயிருச்சு. மேல் துணிகிட்ட வந்து அப்படியே நின்னுருச்சு," என்றார் குமார். மரத்தில் என் நெற்றி உயரத்துக்குச் சேற்றுக் கோடு. அவரை ஏமாற்ற மனம் வரவில்லை. மூன்றையும் கட்டியது நான்தான் என்று சொல்லி, காரணத்தையும் சொன்னேன். மனிதர் கொஞ்சமும் அசரவில்லை. "கட்டுனது நீங்க. கட்ட வச்சது யாருக்கா?"

பள்ளிக்கூட வரிசை

பாஸுக்கு இடம் அவ்வளவு பிடித்துவிட்டது. குமாரிடம் பேசி இரண்டு வாரம் மட்டும் நாற்காலியை ஒதுக்கச் சொல்லலாம் என்றார். நான் தலையாட்டினால் போதும். என் இடம், என் பெயர். ஆசை இல்லாமலா இருக்கும்? ஆனால் நிற்கும் என் நெற்றிக்கு வந்த தண்ணீர், கூடாரத்தில் படுத்திருப்பவர்களை என்ன செய்யும்? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆற்றுக்கு மேலே ஒரு மேட்டை முன்பே பார்த்து வைத்திருந்தேன். கைவிடப்பட்ட ரப்பர் தோட்டம், காடாகிப் போயிருந்தது. புதர் மண்டியிருந்தாலும் மரங்கள் இன்னும் வரிசை தப்பாமல் நின்றன. அங்கே அழைத்துப் போய்க் காட்டினேன். பகாங்கில் புதிதாகத் தேட நாளும் இல்லை, பாஸுக்கு வேறு வழியும் இல்லை. "காடு கேட்டா ஸ்கூல் அசெம்ப்ளிய காட்றீங்க. பினாங்கு ஆள நம்புனது என் தப்பு," என்றார்.

ஆறாம் நாள்

படப்பிடிப்பின் ஆறாம் நாள், செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணி. மேட்டில் நல்ல வெயில். மலை உச்சி மட்டும் கறுத்திருந்தது. திடீரென்று லாரிகள் வரிசையாக வருவது போன்ற சத்தம். பாஸும் நானும் மேட்டின் விளிம்புக்கு ஓடினோம். கீழே மணலைக் காணோம். பழுப்புத் தண்ணீரில் முழு முழு மரங்கள் உருண்டு போயின. பெரிய மரம் நின்றது. மேல் துணியைக் காணவில்லை. நல்லவேளை, குமார் ஆட்கள் வரும் நாள் இல்லை.

எங்களுக்குப் பின்னால் பத்துப் பேரும் ஈர விறகை ஊதிக்கொண்டு, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தது காதில் விழுந்த பிறகுதான் நெஞ்சு நிமிர்ந்தது. அந்தப் பெருமையை நான் மறைக்கப் போவதில்லை. அதுவரை மிஸ் என்று மட்டுமே கூப்பிட்ட பாஸ், தண்ணீரையே பார்த்துக்கொண்டு, "இந்நேரம் அங்க பத்துப் பேரு இருந்திருப்பாங்க, தங்கச்சி," என்றார்.

நிகழ்ச்சி வெளிவந்ததும் பார்த்தவர்கள் பலரும் "சப்புன்னு இருந்துச்சு, யாருக்கும் ஒண்ணுமே ஆகல" என்று எழுதினார்கள். என் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இனிமேல் கிடைக்கப் போவதில்லை.