குகை வாசலில் எடுத்த படம்

எண்பத்தாறில் நான் ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஓர் அகதி விடுதியில் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்துப் பெண்மணி ஒருவர் எங்களைக் காட்டுப் பள்ளத்தாக்கு ஒன்றுக்கு அழைத்துப் போனார். இரு பக்கமும் சுண்ணாம்புப் பாறைகள். நடுவே ஆதிமனிதர் வாழ்ந்த குகை. வாசல் தாழ்வாக இருந்ததால் குந்தியிருந்து ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

விடுதியில் இருந்த எங்கள் ஊர்ப் பெடியள் யாருடையதோ காரில் சாய்ந்து நின்று படமெடுத்துத்தான் ஊருக்கு அனுப்புவார்கள். எனக்கு அந்தப் பொய் பிடிக்கவில்லை. குகைப் படத்தையே, ஒரு வரியும் எழுதாமல், அம்மாவுக்கு அனுப்பினேன்.

சில வாரங்களில் ஊரிலிருந்து அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, உண்மையைச் சொல்லு. நீ எங்கை படுக்கிறனி?”

“கட்டிலிலைதான் அக்கா. ஏன்?”

“உன்ரை படத்தைக் கண்ட நாள் தொட்டு அம்மா வெறும் நிலத்திலை படுக்கிறா. ‘பிள்ளை காட்டுக்குள்ளை குகையிலை கிடக்கேக்கை எனக்கென்ன கட்டில்’ எண்டு அழுறா. நாங்கள் சொன்னால் நம்புறா இல்லை.”

ஊரில் போர் நடக்க, விழும் ஷெல்லுக்குப் பயந்து பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் ஒளிகிற அம்மா அந்தப் படத்தை வேறு எப்படிப் பார்த்திருப்பார்? அந்த வாரமே விடுதிக் கட்டிலில் அமர்ந்து, தலையணையும் கம்பளியும் தெரியப் படமெடுத்து அனுப்பினேன். அது போய்ச் சேருமுன் அம்மா நெஞ்சுச்சளியில் போய்விட்டார். கடைசிவரை கட்டிலில் ஏறவேயில்லையாம்.

இப்போது அக்காவுக்கு அனுப்பும் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் எழுதிவிடுகிறேன்: “சும்மா பார்க்கப் போன இடம். பின்னேரமே திரும்பி வந்திட்டன்.”